ஓட்டமும் மூச்சும்

அதிகாலையில் கல்முனைக்குடிக் கடற்கரையில் நடப்பது ஓய்வுக்குப் பின் எனக்கு வாய்த்த பழக்கம். சில மாதங்களாக அங்கு ஓர் இளைஞர் மணலில் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டு வருகின்றேன். எனக்கு மருமகன் முறையானவர். எதற்காக இந்த ஓட்டம் என்று கேட்டதற்கு, "மூச்சடக்கிச் சுழியோடப் பழகுறன் மாமா" என்றார். காற்றுக்கலன் எதுவுமின்றி, ஒரே மூச்சில் ஆழத்துக்குச் சென்று மீளும் விளையாட்டு அது. பொத்துவில் பக்கத்துப் பாறைகளில் இறங்கிப் பார்ப்பது அவரது ஆசை.

ஒரு மாதம் ஓடியும் மூச்சடக்கும் நேரம் கூடவில்லையே என்பது அவரது மனக்குறை. அது எனக்கு வியப்பளிக்கவில்லை. ஓட்டம் இதயத்தை வேகமாக அடிக்க வைக்கின்றது. சுழியோடுதலோ இதயம் மெதுவாக அடிப்பதைக் கேட்கின்றது. முகம் நீரில் அமிழ்ந்து மூச்சு நின்றதும் இதயத்துடிப்புக் குறைவதும், கை கால்களின் குருதிக் குழாய்கள் சுருங்கி மூளைக்கும் இதயத்துக்கும் ஒட்சிசன் மிச்சப்படுத்தப்படுவதும் மனிதருக்கு இயல்பாகவே உள்ள ஏற்பாடு. ஓடிப் பழகியவரின் இதயம் ஓய்வில் நிதானமாக அடிக்கும், நீந்தி மேலேறிய பின் களைப்பு விரைவில் தீரும் என்பவை உண்மை. ஆகவே ஓட்டம் வீணல்ல. ஆயினும் அது அத்திவாரம் மட்டுமே. நீருக்குள் தேவைப்படுவது தசைகளைத் தளர்த்தும் பழக்கமும், காபனீரொட்சைட்டு கூடும்போது எழும் மூச்சுத் தவிப்பைப் பதற்றமின்றித் தாங்கும் பழக்கமுமாகும். இவை இரண்டையும் மணலில் ஓடிப் பெற முடியாது. சுழியோடும் நாளிலேயே ஓடிக் களைத்து இறங்குவதையும் நான் மதியீனமென்றே சொல்வேன்.

உடலமைப்பு என்று ஒன்றும் இருக்கின்றது. இந்தோனேசியாவின் பஜாவு மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலில் மூழ்கி வாழ்பவர்கள். 2018 இல் வெளியான ஓர் ஆய்வு, அவர்களது மண்ணீரல் அயலிலுள்ள சலுவான் மக்களுடையதை விட ஏறத்தாழ அரைமடங்கு பெரிது என்று கண்டது. மூழ்கும்போது மண்ணீரல் சுருங்கி, சேமித்து வைத்த செங்குருதிக் கலங்களைக் குருதியில் சேர்க்கின்றது. கடலில் இறங்காத பஜாவுகளுக்கும் அது பெரிதாகவே இருந்ததுதான் விசேடம். அதாவது, அது பயிற்சியால் மட்டும் வந்ததல்ல.

நமது கரைக்கும் வருவோம். கரைவலை இழுக்கும் நம்மவர்களுக்குத் தனியான ஓட்டப் பயிற்சி எதற்கு? நெஞ்சும் தோளும் இறுக மணிக்கணக்கில் பின்னோக்கி நடந்து வலை இழுப்பதைவிடச் சிறந்த இதயப் பயிற்சியை நான் கண்டதில்லை. (இதை மருமகனிடம் சொன்னபோது சிரித்தார். வலை இழுக்கும் படத்தை முகநூலில் போட்டால் யார் பார்ப்பார்கள் என்று நினைத்திருப்பார்.)

நான் உண்மையில் அஞ்சியது அவர் அடுத்துச் சொன்னதைக் கேட்டுத்தான். காணொளி ஒன்றைப் பார்த்து, இறங்கு முன் வேகமாகப் பல தடவை மூச்சை இழுத்து விடுகின்றாராம்; உடனே அரை நிமிடம் கூடிவிட்டதாம். தனியாகத்தான் பழகுகின்றாராம். அவ்வாறு மூச்சு வாங்குவதால் உடலில் ஒட்சிசன் குறிப்பிடத்தக்க அளவு கூடுவதில்லை, காபனீரொட்சைட்டுத்தான் குறைகின்றது. மூச்சு வாங்கு என்று மூளை எழுப்பும் கூக்குரல் அதனால் தாமதமாகின்றது. பத்து மீற்றர் ஆழத்தில் அமுக்கம் மேற்பரப்பைப் போல் இரண்டு மடங்கு. அங்கே இருக்கும் சொற்ப ஒட்சிசனும் அந்த அமுக்கத்தால் போதுமானது போலத் தோன்றும். மேலேறும்போது அமுக்கம் பாதியாகின்றது. கரை தெரியும் தூரத்தில் நினைவு தப்புகின்றது. எந்த முன்னறிவிப்பும் இல்லை. எவ்வளவு ஓடிய இதயமும் அங்கே உதவாது.

மன்னார் முத்துக்குளிப்பு இதைவிட அறிவுடன் நடந்திருக்கின்றது. 1905 ஆம் ஆண்டின் பெரும் குளிப்பிலும் கீழக்கரை முஸ்லிம்களும் பிற தமிழ்ச் சுழியோடிகளும் அராபியர்களும் மூழ்கினார்கள். கல்லைக் காலில் கோத்து ஒரு நிமிட அளவில் சிப்பி பொறுக்கினார்கள். படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி இருப்பார். கீழிருப்பவர் அசைத்ததும் இழுத்துவிடுவார். அவருடைய வேலை அது ஒன்றுதான். இன்றைய பயிற்சிப் பேச்சில் ஓட்டத்துக்கு இருக்கும் இடம் அந்தக் கயிற்றுக்காரருக்கு இல்லை என்பதே என் ஆட்சேபணை.

பல வருடங்களுக்கு முன், இக்கரையில் நீரில் மூழ்கி இறந்த ஓர் இளைஞரைப் பற்றி நான்கு வரிச் செய்தி அனுப்பினேன். நன்றாக நீந்தக்கூடியவர், சுழியில் அகப்பட்டு இறந்தார் என்று எழுதினேன். அன்று கடல் குளம்போல் கிடந்ததாக அவருடைய வாப்பா சொன்னதை நான் செய்தியில் சேர்க்கவில்லை. நல்ல நீச்சல்காரர் குளம்போன்ற கடலில் எப்படி மூழ்கினார் என்று மேற்கொண்டு யாரிடமும் கேட்கவுமில்லை. அந்த நான்கு வரியை இப்போது எழுதுவதானால் சுழி என்ற சொல்லைப் போட்டிருக்க மாட்டேன்.

இவ்வளவையும் மருமகனிடம் சொன்னேன். வேக மூச்சை விட்டுவிடுவதாகச் சொன்னார். நேற்றுக் காலை அவரது தம்பியும் கூட வந்திருந்தான். எத்தனை பாகம் கயிறு வாங்குவது என்று இருவரும் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள்.