தோள்வலிக்கு ஓய்வு மட்டும் மருந்தல்ல

நம் கமுதிப் பக்கம் கருவேலம் வெட்டி, தண்ணீர்க் குடம் சுமந்தவர்களுக்குத் தோள்வலி வந்தால், "கையை அசைக்காதே" என்கிறோம். அது சரியல்ல என்பதே என் கருத்து.

தோள்மூட்டைச் சுற்றி 4 சிறு தசைகள். அவற்றை எலும்போடு கட்டும் நாண்தான் நலிந்து வலிக்கிறது. பயந்து கையை முடக்கினால் தசை மெலியும், பலம் குறையும்.

இவ்வலிக்காக எலும்பைச் செதுக்கும் அறுவைச் சிகிச்சை, வெறும் போலி அறுவையைவிடச் சொல்லும்படியான பலன் தரவில்லை என்றது 2018-இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு. படிப்படியான பயிற்சியே முதல் மருந்து. ஆனால் கீழே விழுந்து கை தூக்கமுடியாவிட்டால், உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. அம்மாவுக்காக விசாரியுங்கள். தைலம் வாங்கிக் கொடுத்ததோடு பிள்ளைகளின் கடமை முடிந்துவிடாது.