கரும்பு தின்னக் கூலியா?

படம் போடுகிறவன் ஆசைக்குப் போடுகிறான். அவனுக்குச் சம்பளம் எதற்கு, லீவு எதற்கு? கரும்பு தின்னக் கூலியா? இணையத்தில் சித்திரக் கதை வரையும் கலைஞர்கள் தங்கள் வயிற்றுப்பாட்டைப் பற்றி வாய் திறந்தால் போதும், சில கனவான்கள் இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். கரும்பு யாருக்கு, சக்கை யாருக்கு என்பதை நாம் கொஞ்சம் பார்ப்போம்.

2022-ம் ஆண்டில் வெப்டூன் கம்பெனி அமெரிக்காவில் ஒரு விளம்பரப் பலகை வைத்தது. சித்திரக் கதை என்பது இலக்கியத்துக்கு ஒரு வேடிக்கையான உபதொழில் என்பது அதன் சாரம். எந்தக் கலைஞர்களின் உழைப்பை விற்றுக் கம்பெனி வளர்ந்ததோ, அவர்களைப் பார்த்தே இப்படிக் கேலி! கலைஞர்கள் கொதித்தெழுந்ததில் என்ன ஆச்சரியம்?

இதே கம்பெனி 2024 ஜூன் மாதம் பங்கு ஒன்று 21 டாலர் என்று அமெரிக்கப் பங்குச் சந்தையில் இறங்கியது. அப்போது உபதொழில் பேச்சு காணாமல் போய்விட்டது! தன் தளத்தில் 2 கோடியே 40 லட்சம் படைப்பாளிகள் இருப்பதாக முதலீட்டாளர்களிடம் மார்தட்டியது. தொழில்முறைக் கலைஞர்களின் சராசரி வருமானம் ஆண்டுக்கு 48,000 டாலர் என்றும், முதல் நூறு பேர் 2023-ல் சராசரி பத்து லட்சம் டாலர் சம்பாதித்தார்கள் என்றும் கூறியது.

சராசரி! நூறு வேலி மிராசுதாரையும் அவருடைய பண்ணையாட்களையும் ஒன்றாகக் கூட்டி வகுத்தால், பண்ணையாளும் சராசரியில் நிலச்சுவான்தார்தான். அதே கம்பெனியின் அதே கணக்குப்படி, 2023-ல் ஒரு லட்சம் டாலருக்கு மேல் பெற்றவர்கள் 483 பேர். அதாவது ஐம்பதாயிரம் பேருக்கு ஒருவர். மற்றவர்களில் பலர் பொழுதுபோக்குக்கு வரைபவர்கள் என்று சிலர் சொல்லக்கூடும். இருக்கட்டும். அந்தப் பலரையும் சேர்த்துத்தானே முதலீட்டாளர்களிடம் தலை எண்ணிக்கை காட்டினீர்கள்?

இந்தத் தொழில் பெரிதாக வளர்ந்த நாடு தென்கொரியா. அங்கே வாரந்தோறும் ஓர் அத்தியாயம், அதுவும் முழு வண்ணத்தில், அறுபது எழுபது சித்திரங்களோடு வந்தாக வேண்டும். ஒரு வாரம் நின்றால் வாசகர் வேறு கதைக்குப் போய்விடுவார் என்ற பயம் கலைஞனின் கழுத்தைப் பிடிக்கிறது. 2021-ல் அங்கே எடுக்கப்பட்ட ஆய்வின்படி இவர்கள் நாளொன்றுக்குச் சராசரி பத்து மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் ஏறக்குறைய ஆறு நாட்கள் உழைக்கிறார்கள். விரலும் முதுகும் கண்ணும் தேய்கின்றன. இதுவா கரும்பு தின்பது?

கூலி எப்படி வருகிறது? குறைந்தபட்ச உத்தரவாதம் என்ற அழகான பெயரில் ஒரு தொகை தருகிறார்கள். அது சம்பளம் அல்ல, முன்பணம். கதை ஈட்டும் வருமானத்தில் அந்த முன்பணம் கழிந்த பிறகே கலைஞனுக்கு மேற்கொண்டு பங்கு. தளம் தன் பங்கை எடுக்கும். இடையில் தரகுக் கம்பெனி இருந்தால் அதுவும் எடுக்கும். வண்ணம் தீட்ட, பின்னணி வரைய உதவியாளர் வைத்தால் அந்தக் கூலியும் பெரும்பாலும் கலைஞன் தலையில். நஷ்டம் கலைஞனுக்கு, லாபம் கம்பெனிக்கு. இதற்குப் பெயர் கூட்டாளி உறவாம்!

உலகமெங்கும் புகழ் பெற்ற 'சோலோ லெவலிங்' கதைக்குப் படம் வரைந்த ஜாங் சங்-ராக் 2022 ஜூலையில் மூளை ரத்தக்கசிவால் இறந்தார். வயது 37. அவருக்கு முன்பே நோய் இருந்தது உண்மைதான். ஆனால் நோயாளி ஓய்வெடுக்க இந்தத் தொழிலில் இடம் உண்டா என்று கொரியக் கலைஞர்கள் அன்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு என்ன பதில்?

'கருப்பு ரப்பர் செருப்பு' என்ற புகழ்பெற்ற சித்திரக் கதையைப் படைத்தவர்களில் ஒருவர் லீ வூ-யங். அவர் வரைந்த பாத்திரங்களின் உரிமை ஒப்பந்தத்தின் வழியே கை மாறியது. தாம் பெற்ற பிள்ளைகளைப் பற்றித் தாமே கோர்ட்டு வாசலில் நிற்க நேர்ந்தது. வழக்கு முடியுமுன், 2023 மார்ச்சில் அவர் உயிர் போயிற்று. அதன் பின்தான், ஜூலை மாதம், கொரியக் கலாசார அமைச்சகம் ஒப்பந்தத்தைத் திருத்தும்படி கம்பெனிக்கு உத்தரவிட்டது. உயிரோடு இருந்தபோது அந்த உத்தரவு எங்கே போயிருந்தது?

இது புதிய கதையும் அல்ல. 1938-ல் சூப்பர்மேனை உருவாக்கிய இரண்டு இளைஞர்கள் அதன் உரிமையை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அன்று காகிதம், இன்று கைபேசித் திரை. கையெழுத்து வாங்கும் தந்திரம் மட்டும் மாறவில்லை.

பிடிக்காவிட்டால் விலகுவதுதானே என்பார்கள். ஏன் விலக வேண்டும்? தொழிலை வளர்த்தவர்கள் அவர்களே. கொரியாவில் லெஜின் என்ற தளம், படம் தாமதமானால் வருமானத்தில் அபராதம் பிடித்தது. கலைஞர்கள் ஒன்று திரண்டு எதிர்த்தார்கள். 2018-ல் அந்த அபராதம் ஒழிந்தது. தனித்தனியே அழுதபோது கிடைக்காதது, சேர்ந்து கேட்டபோது கிடைத்தது. பின்னர் சங்கமும் அமைத்துக்கொண்டார்கள்.

அவர்கள் கேட்பது என்ன? வாரத்துக்கு இத்தனை சித்திரம்தான் என்ற வரம்பு. கதையை இழக்காமல் விடுப்பு. எவ்வளவு விற்றது, எவ்வளவு கழித்தார்கள் என்ற பகிரங்கமான கணக்கு. படைத்தவனுக்கே படைப்பின் உரிமை. இதில் எது அதிகம்? எது அநியாயம்?

ஆசையோடு செய்யும் வேலையும் வேலைதான். கரும்பைத் தின்பவன் கூலி கேட்கவில்லை, கனவான்களே! கரும்பை நட்டு, நீர் பாய்ச்சி, வெட்டிச் சுமந்தவன் கேட்கிறான். கொடுத்தே தீர வேண்டும்.