அடுப்பருகே ஒரு நாற்காலி



கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது. வாசலில் நட்சத்திரம் கட்டவும், தையற்காரரிடம் நாலு நடை நடக்கவும், கேக்குக்குச் சொல்லி வைக்கவும் உங்களுக்குப் பொழுது போதாது என்று தெரியும். இந்த அவசரத்துக்கு நடுவே ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்தப் பண்டிகையில் என்ன வேலை வைத்திருக்கிறீர்கள்?

"தள்ளாத வயதில் அவர்களை வேலை வாங்குவதா?" என்று பதறுகிறீர்கள் அல்லவா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பாளையங்கோட்டையில் என் மாமியார் நாற்பது வருஷம் கிறிஸ்துமஸுக்கு அதிரசம் சுட்டவர். மாமனார் காலமான வருஷம், பாவம், ஓய்வெடுக்கட்டும் என்று பலகாரம் முழுவதையும் கடையில் வாங்கிவிட்டேன். "அத்தை, நீங்கள் பேசாமல் உட்காருங்கள்" என்றேன். உட்கார்ந்தார். பண்டிகையன்று பிற்பகல் பார்த்தால், தட்டில் வைத்த அதிரசம் அப்படியே இருக்கிறது.

"பிடிக்கவில்லையா, அத்தை?"

"நல்லாத்தான் இருக்கு. யார் வீட்டுக்கோ விருந்துக்கு வந்த மாதிரி இருக்கு, அவ்வளவுதான்."

அந்த வார்த்தை என்னைச் சுட்டுவிட்டது. மறு வருஷம் அடுப்பருகே ஒரு நாற்காலி போட்டேன். வெல்லப் பாகை நான் கிளறினேன். அத்தை ஒரு சொட்டை எடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம்… ம், இப்போ இறக்கு!" கை நடுங்கியது, கணக்குத் தவறவில்லை. அன்று இரண்டு அதிரசம் சாப்பிட்டார்.

இன்னொரு தவறும் செய்திருந்தேன். அழுதுவிடுவாரோ என்று பயந்து, அந்த முதல் வருஷம் மாமனார் பேச்சையே நாங்கள் யாரும் எடுக்கவில்லை. துணையை இழந்தவர்களுக்கு அந்த மௌனம்தான் பெரிய தண்டனை. "மாமா இருந்தால் இந்நேரம் என்ன சொல்வார்?" என்று கேளுங்கள். அழட்டும், அழுதுகொண்டே சிரிக்கவும் செய்வார்கள்.

கிறிஸ்து பிறப்பின் கதையை எண்ணிப் பாருங்கள். லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் மரியாள் வயது முதிர்ந்த உறவினள் எலிசபெத்தின் வீட்டுக்குப் போய், ஏறக்குறைய மூன்று மாதம் உடன் தங்குகிறாள். பிறகு தேவாலயத்தில் குழந்தையை அடையாளம் கண்டு மகிழ்கிறவர்கள் சிமியோன் என்ற பெரியவரும், 84 வயது விதவையான அன்னாளும்தான். முதியவர்கள் இல்லாமல் இந்தப் பண்டிகையே இல்லை!

இனி, சில நடைமுறை யோசனைகள். நம் திருநெல்வேலிப் பக்கத்தில் ஆராதனை பல ஆலயங்களில் விடியுமுன்பே ஆரம்பமாகும். இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வெறும் வயிற்றோடு வெகுநேரம் இருந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். எனவே, எப்போது சாப்பிடுவது, எப்போது மருந்து என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். இருட்டில் படியேறக் கை கொடுங்கள். ஓரத்து இருக்கையில் உட்கார வையுங்கள். காது மந்தமானவர்களுக்குக் கூட்டத்தின் நடுவே ஒன்றும் புரியாது. அமைதியான மூலையில் உட்காரவைத்து, பேரப்பிள்ளைகளை ஒவ்வொருவராக அனுப்புங்கள்.

பிள்ளைகள் வெளிநாட்டிலா? நம் ஊரில் இரவு 9 மணிக்குப் பெரியவர்கள் தூங்கி விழும்போது, லண்டனில் பிற்பகல் 3.30தான். மாலை 5.30க்கு வீடியோவில் பேசச் சொல்லுங்கள். அப்போது லண்டனில் நண்பகல் 12, நியூயார்க்கில் காலை 7. நேரத்தை முன்பே சொல்லிவிட்டால், ஆச்சி தலைவாரிப் புதுச்சேலை கட்டிக்கொண்டு காத்திருப்பாள்.

உங்கள் தெருவிலேயே தனியாக இருக்கும் பெரியவர்களுக்குப் பலகாரத் தட்டை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசுங்கள். யாராவது கவனிப்பாரின்றித் தவித்தாலோ, துன்புறுத்தப்பட்டாலோ, 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது. ஜனவரியிலும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். பண்டிகைக்கு வந்தவர்கள் ஊர் திரும்பிய பிறகுதான் வீடு அதிகம் வெறிச்சோடும்.

அத்தை இன்று இல்லை. பாகு பதம் இப்போது என் விரலுக்குத் தெரியும். அந்த நாற்காலி மட்டும் அடுப்பருகிலேயே இருக்கிறது. அதில் உட்காரும் வயது எனக்கும் வந்துகொண்டிருக்கிறதே! "நீங்கள் பேசாமல் உட்காருங்கள்" என்று என் மருமகள் சொல்லாமல் இருக்க வேண்டுமே என்பதுதான் என் கவலை!