"எனக்கு ஒண்டுமில்லை" என்பது மருத்துவ அறிக்கை அல்ல



துன்னில் எங்கட வீட்டுக்கு வந்து அம்மாட்ட "உடம்பு எப்பிடி?" எண்டு கேட்டுப் பாருங்கோ. முழங்காலைத் தடவிக்கொண்டே "எனக்கு ஒண்டுமில்லை, நல்லா இருக்கிறன்" எண்டுவா. அப்பாட்ட கேட்டால் பிரஷர், சுகர், நாரிப்பிடிப்பு எல்லாம் வரிசையா வரும்.

இதை "அம்மா ஸ்ட்ரோங்" எண்டு பெருமை பேசுவதை முதலில் நாங்கள் நிறுத்த வேண்டும். அப்பாவின் வேலை 65 வயதில் முடிந்தது. அதற்குப் பிறகு நோயாளியாக இருக்க அவருக்கு அனுமதி உண்டு. அம்மாவுக்கு முடிந்தது துப்புரவு வேலை மட்டும்தான். சமையல், பேரப்பிள்ளைகள், அப்பாவின் குளிசைப் பெட்டி எல்லாம் அப்படியே இருக்கு. அடுப்படியில் நிற்க ஏலுமெண்டால் அவவுக்கு அதுதான் சுகம்.

அரசும் இதே கேள்வியைத்தான் கேட்கிறது. சுவிஸ் சுகாதாரக் கணக்கெடுப்பு 1992 முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, ஜேர்மன், பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளில் நடக்கிறது. தமிழ் மட்டும் தெரிந்தவர் அதில் இல்லை. அம்மாவைக் கேட்டிருந்தாலும் "குட்" எண்டுதான் சொல்லியிருப்பா.

2022 செப்டெம்பர் 25 வாக்கெடுப்பில், பெண்கள் கூடக் காலம் வாழினம், ஒரு வருசம் கூட வேலை செய்தால் என்ன என்று வாதிட்டார்கள். வாழ்கிற வருடத்தை எண்ணினார்கள், முழங்காலை எண்ணவில்லை. 50.55 வீதத்தில் வென்றார்கள். பெண்களில் பெரும்பான்மை எதிர்த்தது, ஆண்களில் பெரும்பான்மை ஆதரித்தது. சிவப்புப் பாஸ்போட் இல்லாத எங்கட அம்மாமாருக்கு வாக்கே இல்லை. 64 ஆக இருந்த பெண்களின் பென்சன் வயது 2025 முதல் மும்மூன்று மாதமாக ஏறி, 2028இல் 65 ஆகிவிடும்.

பென்சனும் சும்மா வராது. வேலைத்தளப் பென்சனுக்கு ஒரே முதலாளியிடம் வருடம் 22,680 பிராங் (2025 கணக்கு) உழைக்க வேண்டும். விடியப்புறம் ஒரு ஒஃபிஸ், பின்னேரம் ஒரு பள்ளிக்கூடம் எண்டு துண்டு துண்டாகத் துடைத்தவருக்கு அந்தத் தொகைகள் தானாகக் கூட்டப்படாது. நாரி மட்டும் எல்லாத்துக்கும் சேர்த்து நோகும்.

எங்களையும் கேட்கிறேன். ஜூன் 14 பெண்கள் வேலைநிறுத்தத்துக்கு ஊதா உடுப்போட பேர்ணுக்குப் போனோமே, அண்டைக்குப் பிள்ளையளை ஆர் பார்த்தது? கூட்டத்துக்கு வாற ரோல்ஸை ஆர் சுருட்டினது?

இனி "சுகமோ?" எண்டு கேளாதேங்கோ. "இண்டைக்கு எத்தனை மணித்தியாலம் நிண்டனீங்கள், எப்ப இருந்தனீங்கள்?" எண்டு கேளுங்கோ. பதிலை எழுதிக்கொண்டு டொக்டரிட்ட கூடப் போங்கோ, மொழிபெயர்க்கிற வேலையைப் பேரப்பிள்ளையின் தலையில் கட்டாதேங்கோ. அடுத்த கூட்டச் சாப்பாடு ஆண் தோழர்களின் பொறுப்பு. ரோல்ஸ் வேண்டாம், சோறும் பருப்பும் காணும்.