நாய் வாங்கப் போறீங்களா? குட்டியின் படத்துக்கு முன்னால் உங்கள் வீட்டைப் பாருங்க

பாகான் செராயில் ஒரு தாமான் வீட்டை நினைச்சுப் பாருங்க. முன்னால் ஒரு கார் நிற்கிற அளவுக்கு போர்ச், பின்னால் துணி காயப்போட கொஞ்சம் இடம். உங்கள் சுவர்தான் பக்கத்து வீட்டுக்கும் சுவர். இப்படி ஒரு வீட்டில் உட்கார்ந்துகொண்டுதான் நம்மில் பலர், ஃபேஸ்புக்கில் வந்த நீலக்கண் ஹஸ்கிக் குட்டியின் படத்துக்குக் கீழே "விலை எவ்வளவு?" என்று கேட்கிறோம்.

விலை ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். அந்தக் குட்டி இந்த வீட்டில், இந்த வெயிலில், இந்த அண்டை அயலாரோடு அடுத்த 12 வருஷம் எப்படி வாழப்போகிறது என்பதுதான் யாரும் கேட்காத கேள்வி.

எந்த இனத்தை வளர்க்க முடியும்?

2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில், மாநகராட்சிப் பூங்காவில் இருந்த 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறிய செய்தி பலருக்கு நினைவிருக்கும். அதற்கு இரண்டு மாதம் முன்புதான், 23 நாய் இனங்களுக்குத் தடை விதிக்கச் சொல்லி இந்திய மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தது. அந்தக் கடிதம் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

நம் நாட்டில் இந்தப் பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது. கால்நடைச் சேவைத் துறை இரண்டு வகையாகப் பிரிக்கிறது. பிட்புல், அமெரிக்கன் புல்டாக், அகிதா, தோசா, டோகோ அர்ஜென்டினோ, நியாபோலிட்டன் மாஸ்டிஃப் போன்றவை தடை செய்யப்பட்டவை. நாட்டுக்குள் கொண்டுவரவே முடியாது. ராட்வைலர், டோபர்மேன், நாம் 'அல்சேஷன்' என்று சொல்கிற ஜெர்மன் ஷெப்பர்ட், புல் மாஸ்டிஃப் போன்றவை கட்டுப்படுத்தப்பட்டவை. வளர்க்கலாம், ஆனால் கூடுதல் நிபந்தனைகள் உண்டு. 2012-இல் சுபாங் ஜெயாவில் காலையில் உடற்பயிற்சிக்கு வெளியே போன 74 வயது முதியவர் ஒருவர் பிட்புல் தாக்கி இறந்துபோனார். இந்தப் பட்டியல் பற்றிப் பொதுமக்கள் பெரிதாகப் பேசத் தொடங்கியது அப்போதுதான்.

எந்த இனமாக இருந்தாலும் ஊராட்சி மன்றத்தின் உரிமம் வேண்டும். பாகான் செராய்க்கு அது கிரியான் மாவட்ட மன்றம். எத்தனை நாய் வளர்க்கலாம், எந்த மாதிரி வீட்டில் வளர்க்கலாம் என்பது மன்றத்துக்கு மன்றம் மாறும். ஈப்போவில் இருக்கிற உங்கள் மாமா சொன்னது இங்கே செல்லாமல் போகலாம். குட்டியை வாங்கிய பிறகு இல்லாமல், வாங்கும் முன்பே மன்றத்துக்கு ஒரு போன் போடுங்க. கழுத்துப் பட்டையும் உரிமமும் இல்லாமல் தெருவில் திரிகிற நாயை மன்றம் பிடித்துக்கொண்டு போனால், "அது எங்க வீட்டு நாய்தான் சார்" என்பது உதவாது.

உங்கள் நாய் யாரையாவது கடித்தால்? உங்கள் கவனக்குறைவால் நடந்தது என்று நிரூபணமானால் தண்டனைச் சட்டம் 289-ஆவது பிரிவின் கீழ் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். நாயை நீங்கள் வதைத்தால் தண்டனை இன்னும் கடுமை. 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் அதற்கு 20,000 முதல் 1,00,000 ரிங்கிட் வரை அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் வைத்திருக்கிறது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் வினோதமாகத்தான் இருக்கு.

தோட்டத்து நாயும் தாமான் நாயும்

கிரியான் வட்டாரத்தில் நம் ஆட்கள் நாய் வளர்ப்பது புதுசு இல்லை. கரும்புத் தோட்டக் காலம், பிறகு ரப்பர், பிறகு செம்பனை என்று எல்லாக் காலத்திலும் லயத்தில் நாய் இருந்தது. யாரும் இனம் பார்த்து வாங்கவில்லை, நாயே வந்து சேர்ந்தது. விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போகிறவர்களோடு கூடவே போகும், பாம்பைப் பார்த்தால் குரைக்கும், மிச்சச் சோற்றைத் தின்னும், இரவில் லயத்து வாசலில் படுக்கும். ஓடித் திரிய இடம் இருந்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் தாமான் வீடுகளுக்கு வந்தபோது நாய் வளர்க்கிற பழக்கமும் கூடவே வந்தது. இடம் மட்டும் வரவில்லை. அதனால் இப்போது இரண்டு விதமாகத்தான் நடக்கிறது. ஒன்று, பழையபடி கேட்டைத் திறந்துவிடுவது. இன்னொன்று, போர்ச் தூணில் காலையிலிருந்து இரவு வரை சங்கிலியில் கட்டிப்போடுவது. என் கருத்தில் இரண்டாவதுதான் ஆபத்து அதிகம். நாள் முழுக்கக் கட்டிக் கிடக்கிற நாய் மனிதரோடும் மற்ற நாயோடும் பழகுவதில்லை. வருகிறவர் போகிறவர் எல்லாரும் அதற்குப் பயமாகவே தெரிவார்கள். ஒருநாள் சங்கிலி அறுந்தால், அது எந்த இனம் என்பது பெரிய விஷயமாக இருக்காது.

"திருட்டுப் பயம், அதான் பெரிய நாய்" என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. திருடனுக்குத் தொல்லை குரைப்புதான். குரைக்கிறதுக்கு 50 கிலோ ராட்வைலர் தேவையில்லை.

ஹஸ்கிக்கு ஏன் இந்த ஊர் ஒத்துவராது?

நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும், அது காயும்போது சூடு குறையும். நாய்க்கு அப்படி இல்லை. பாதங்களில் மட்டும்தான் கொஞ்சம் வியர்க்கும். சூட்டை வெளியேற்ற அது நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்குகிறது. வாயிலும் மூச்சுப் பாதையிலும் இருக்கிற ஈரம் ஆவியாகும்போது உடம்பு குளிர்கிறது. காற்றிலேயே ஈரப்பதம் அதிகமாக இருந்தால் அந்த ஈரம் சீக்கிரம் ஆவியாகாது. பாகான் செராயைச் சுற்றிப் பாருங்க: நெல்வயல், வாய்க்கால், கொஞ்ச தூரத்தில் புக்கிட் மேரா ஏரி, இன்னொரு பக்கம் கடலோரச் சதுப்பு. பகலில் 32, 33 டிகிரி வெயில். மூச்சு வாங்கியும் பலன் கிடைக்காத ஊர் இது.

ஹஸ்கி சைபீரியாவில் பனியில் வண்டி இழுக்க வளர்ந்த இனம். அதற்கு இரண்டு அடுக்கு முடி. சிலர் பாவம் பார்த்து அதை மொட்டை அடித்துவிடுகிறார்கள். அதைச் செய்யாதீங்க, அந்த முடிதான் வெயில் தோலைச் சுடாமலும் காக்கிறது. ஏர்கோன் இல்லாமல் ஹஸ்கி வளர்க்க முடியாதா என்றால், வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பகல் முழுக்க அது வீட்டுக்குள் நிழலில், ஃபேன் காற்றில் இருக்கணும். விடியற்காலையிலும் இரவிலும் நீண்ட நேரம் ஓட்டணும். வேலைக்குப் பட்டர்வொர்த்துக்கோ பினாங்குக்கோ போய்விட்டு இரவு ஏழு மணிக்கு வீடு திரும்புகிறவருக்கு இது நடக்கிற காரியமா? நீங்களே முடிவு பண்ணுங்க.

பக், ஃபிரெஞ்ச் புல்டாக் போன்ற தட்டை மூக்கு இனங்களுக்கு வேறு சிக்கல். மூச்சுப் பாதையே குறுகல். ஷிட்சுவும் இந்தக் கூட்டம்தான். சின்ன நாய், அடக்கமான நாய், வீட்டுக்குள்ளேயே இருக்கும் என்பதால் தாமானுக்குப் பொருந்தும்தான். ஆனால் மத்தியானம் பூட்டிய காருக்குள் பத்து நிமிஷம் விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீங்க. நாயின் உடம்புச் சூடு 38-லிருந்து 39 டிகிரி வரை இருப்பது சாதாரணம். 41-ஐ எட்டினால் உயிருக்கு ஆபத்து.

கோல்டன் ரெட்ரீவர் குணத்தில் தங்கம். முடி கொட்டும், இடுப்பு மூட்டுப் பிரச்சினை வரும், நிறைய சாப்பிடும்.

வாங்கிய பிறகு ஆகும் செலவு

குட்டியின் விலை ஒருமுறைதான். அதற்குப் பிறகுதான் வெள்ளி கரையும். 6 முதல் 8 வாரத்தில் முதல் தடுப்பூசி, பிறகு 16 வாரம் ஆகும்வரை மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை. இதைத் தள்ளிப்போட்டால் பார்வோ வரும். ரத்தமாக வயிற்றால் போய் குட்டிகள் சில நாளிலேயே செத்துப்போகும். கொசுவால் பரவும் இதயப்புழுவுக்கு மாதாமாதம் மருந்து. உண்ணி கடித்தால் ரத்தத்தில் காய்ச்சல் கிருமி ஏறும், அதற்கும் மருந்து. இந்த ஊருக்கென்று ஒன்று சேர்த்துச் சொல்லணும்: நெல்வயல் இருக்கிற இடத்தில் எலி இருக்கும். எலியின் சிறுநீரால் லெப்டோஸ்பைரோசிஸ் நாய்க்கும் வரும், மனிதருக்கும் வரும். குட்டிக்குத் தடுப்பூசி போடும்போது அதையும் சேர்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்க.

வெறிநாய்க்கடி நோய் நமக்கு இல்லை என்று நினைக்காதீங்க. 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மூன்று மாநிலங்களிலும் அது திரும்ப வந்தது. பினாங்கு மாநில எல்லை கிரியானுக்கு அடுத்த வீடு மாதிரி. சரவாக்கில் 2017-இல் தொடங்கி 50-க்கும் மேற்பட்டோரைக் கொன்றிருக்கிறது. எந்த நாய் கடித்தாலும் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிஷம் காயத்தைக் கழுவிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போகணும். அறிகுறி வந்த பிறகு காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாது.

சாப்பாடு? மிச்சக் கறியும் சோறும் கொடுத்து வளர்த்த காலம் சரி, ஆனால் நம் குழம்பில் வெங்காயமும் பூண்டும் இல்லாமல் இருக்காது. இரண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்த கோழி எலும்பு குடலைக் குத்தும்.

பக்கத்து வீட்டு பாக்சிக்கும் பங்கு உண்டு

பாகான் செராயில் உங்கள் அண்டை வீட்டார் பெரும்பாலும் மலாய்க்காரர்களாக இருப்பார்கள். நாயின் எச்சிலோ ஈரமான உடம்போ பட்டால், ஏழு முறை கழுவணும், அதில் ஒருமுறை மண் கலந்த நீரால் கழுவணும் என்பது அவர்கள் மார்க்கத்தின் விதி. தொழுகைக்குக் கிளம்பியவர் மீது உங்கள் நாய் அன்பாகத் தாவினாலும் அவருக்கு அது பெரிய வேலை. கேட்டுக்குக் கீழே சந்து இருந்தால் அடைச்சிடுங்க. அசிங்கத்தை அவர் வாசலில் விடாதீங்க. குட்டி வருவதற்கு முன்பே போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை வராமலே போகும்.

அப்போ எந்த நாய்?

இங்கேயே பிறந்து வளர்ந்த நாட்டு நாயைச் சொல்வேன். குட்டை முடி, நடுத்தர உடம்பு, இந்த வெயிலுக்கு எத்தனையோ தலைமுறையாகப் பழகியது. மலேசியக் காட்டு நாட்டு நாய்க்கு உலகத்தில் பெயரும் உண்டு: ஒராங் அஸ்லி மக்கள் வளர்த்த தெலோமியன் இனத்தை 1963-இல் அமெரிக்கா வரை கொண்டுபோய் வளர்த்தார்கள். நமக்குத்தான் அது வெறும் தெருநாய். ஈப்போவிலும் பினாங்கிலும் காப்பகங்கள் தத்துக் கொடுக்கின்றன, பெரும்பாலும் கருத்தடை செய்தே தருவார்கள்.

இல்லை, இனம் பார்த்துத்தான் வாங்குவேன் என்றால் விற்கிறவரின் உரிமத்தைக் கேளுங்க. விலங்கு விற்பது உரிமம் தேவைப்படும் தொழில். தடுப்பூசி அட்டையைக் கேளுங்க. குட்டிக்கு 8 வாரம் ஆகியிருக்கணும். தாய் நாயை நேரில் பார்க்கணும் என்று சொல்லுங்க. "தாயைக் காட்ட முடியாது, தைப்பிங் பெட்ரோல் நிலையத்தில் வந்து வாங்கிக்குங்க" என்று பதில் வந்தால், அங்கே போகாதீங்க.