சும்மா கொடுத்தால் காசு வருமா?

"முதலில் சும்மா கொடு, கூட்டம் சேரட்டும், காசு பின்னால் தானாக வரும்." புதுக்கோட்டைப் பக்கம் புதிதாகக் கடை போடுகிறவர் காதில் எல்லோரும் ஓதும் யோசனை இது. இதற்கு மூன்று உதாரணங்கள் சொல்வார்கள். மூன்றும் அந்த யோசனைக்கு எதிரான சாட்சிகள்.

முதலாவது, மொய் விருந்து. கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி, ஆவணியில் கிடா வெட்டி ஊருக்கே சோறு போடுகிறார்களே, லட்சம் லட்சமாகப் பணம் சேரவில்லையா என்கிறார்கள். சேர்கிறது. பந்தலில் மேசை போட்டு, நோட்டை விரித்து, பெயர், ஊர், தொகை என்று வரி வரியாக எழுதுவதையும் பார்க்க வேண்டும். சாப்பிட்டவர் வைக்கும் 2,000 ரூபாய் கறிச்சோற்றுக்கு விலை அல்ல, கடன். அவர் வீட்டு விருந்தில் அது திரும்பிப் போயாக வேண்டும். மேலே கொஞ்சம் சேர்த்து வைத்தால்தான் மரியாதை. வட்டியில்லாத அந்த முதலை வைத்து போர்வெல் போட்டவர்களும் தொழில் தொடங்கியவர்களும் இங்கே நிறைய. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. நோட்டில் இருந்த பாக்கியை அதுவும் அழிக்கவில்லை. திறப்பு விழாவுக்கு ஒரு ரூபாய்க்குப் பிரியாணி போடுகிறவரிடம் அப்படி என்ன நோட்டு இருக்கிறது? வரிசையில் நின்றவர் மறுநாள் 150 ரூபாய் கொடுத்துச் சாப்பிட வருவார் என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்?

அடுத்தது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியது. ஏழைகளுக்கு அங்கே இலவச அறுவை சிகிச்சை உண்டு. பணம் கட்டும் நோயாளிகளும் உண்டு. அவர்கள் கட்டுவதில்தான் ஏழைகளுக்கான செலவு ஓடுகிறது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைக்கூட 1992இல் ஆரோலேப் தொடங்கித் தாங்களே தயாரித்துச் செலவைக் குறைத்தார்கள். அத்தனை கணக்கு அந்த இலவசத்துக்குப் பின்னால் இருக்கிறது. நான் மனதார மதிக்கும் இலவசம் அது.

கடைசியாக ஜியோ செல்போன் சேவை. 2016 செப்டம்பரில் வந்து 2017 மார்ச் வரை சும்மா கொடுத்தது உண்மை. அந்த மாதங்களின் நஷ்டத்தைத் தாங்க ரிலையன்ஸின் எண்ணெய் சுத்திகரிப்புப் பணம் இருந்தது. அந்த விலைப்போரில், ஏற்கெனவே கடனில் இருந்த ஏர்செல் 2018இல் திவாலானது. நம் ஊர்க்காரர்கள் நம்பரை மாற்ற அலைந்தார்கள். கீழ ராஜ வீதியில் வாடகைக்குக் கடை எடுத்தவருக்கு எந்த எண்ணெய் ஆலை இருக்கிறது? அவர் கொடுக்கும் இலவசத்துக்குப் பெரும்பாலும் பணம் கட்டுவது, அடகுக்கடையில் இருக்கும் அவர் மனைவியின் நகை.