முதல் மகிழுந்தும் முழு விலையும்

ஸ்ரீ கெம்பாங்கானை அடுத்த செர்டாங்கில் ‘மேப்ஸ்’ எனப்படும் வேளாண் கண்காட்சிப் பூங்கா இருக்கிறது. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் மலேசிய வாகனக் கண்காட்சி அங்கேதான் நடைபெற்றது. இத்தகைய கண்காட்சிகளுக்கு வருவோரில், முதல் மகிழுந்தை வாங்கும் ஆசையோடு வரும் இளையோரும் உண்டு. அங்கே கதவைத் திறந்து பார்க்கலாம், ஓட்டுநர் இருக்கையில் அமரலாம், படம் எடுத்துக்கொள்ளலாம். அதே இடத்தில் கடன் விண்ணப்பத்திலும் கையெழுத்திட்டுவிடலாம். சிக்கல் தொடங்குவது இங்கேதான். வாகனக் கண்காட்சி என்பது பார்த்து, கேட்டு, ஒப்பிடுவதற்கான இடம். வாங்குவதென்று முடிவெடுப்பதற்கான இடம் அன்று என்பதே என் கருத்து.

மகிழுந்து வாங்க நினைப்பது ஆடம்பரம் என்று நான் சொல்லவில்லை. கிள்ளானிலும் ஷா ஆலாமிலும் உள்ள தொழிற்சாலைகளில் இரவு நேர வேலை முடிந்து திரும்புவோருக்கு அந்நேரத்தில் ரயில் கிடைப்பதில்லை. வயதான பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் வாகனம் வேண்டும். 1983இல் புரோட்டோன் நிறுவனம் தொடங்கப்பட்டு, 1985இல் ‘சாகா’ சாலைக்கு வந்தது. 1993இல் தோன்றிய பெரோடுவா, மறு ஆண்டே ‘கஞ்சில்’ என்னும் சிறிய மகிழுந்தை வெளியிட்டது. நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றின் மகிழுந்துக் கனவு இவற்றால் நிறைவேறியது. ஆகவே, ஆசையில் தவறில்லை. அவசரத்தில்தான் தவறு இருக்கிறது.

கண்காட்சியால் பயன் உண்டு. பல நிறுவனங்களின் வாகனங்களை ஒரே நாளில், ஒரே இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். வண்ணத்தையும் ஒலிபெருக்கியையும் மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடக் கூடாது. ‘ஆசியான் என்கேப்’ பாதுகாப்புச் சோதனையில் அவ்வாகனம் எத்தனை நட்சத்திரம் பெற்றுள்ளது, உத்தரவாதம் எத்தனை ஆண்டு, பராமரிப்புக்கு எவ்வளவு செலவாகும், உதிரிப்பாகங்கள் எளிதில் கிடைக்குமா என்றெல்லாம் கேட்க வேண்டும். விடைகளைக் குறித்துக்கொண்டு வீடு திரும்புபவரே கண்காட்சியை நன்கு பயன்படுத்திக்கொண்டவர்.

ஆனால், விற்பனையாளர் பெரும்பாலும் முதலில் சொல்வது மாதத் தவணையைத்தான். அது சிறிய எண். எனவே, இனிமையாக ஒலிக்கிறது. ஒரு மகிழுந்தின் விலை 50,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் 5,000 ரிங்கிட் போக, கடன் 45,000 ரிங்கிட். முழுக் கடன் தொகைக்கும் ஆண்டுக்கு 3 விழுக்காடு என்ற நிலையான வட்டியில் ஒன்பது ஆண்டுகளுக்கு எடுத்தால், மாதத் தவணை ஏறத்தாழ 529 ரிங்கிட். வட்டி மட்டும் 12,150 ரிங்கிட். அதே கடனை ஐந்து ஆண்டுகளில் கட்டினால் மாதத் தவணை 862 ரிங்கிட் 50 சென்னாக உயரும். வட்டியோ 6,750 ரிங்கிட்டாகக் குறையும். தவணை குறையக் குறையக் காலம் நீள்கிறது. காலம் நீள நீள வட்டி வளர்கிறது. இருபது வயதில் ஒன்பது ஆண்டுக் கடன் எடுப்பவர், அதைக் கட்டி முடிக்கும்போது இருபத்தொன்பது வயதை எட்டியிருப்பார்.

தவணையோடு செலவு முடிந்துவிடுவதும் இல்லை. காப்புறுதி, சாலை வரி, பெட்ரோல், டோல், வாகன நிறுத்தக் கட்டணம், டயர், பராமரிப்பு ஆகியவை காத்திருக்கின்றன. இவற்றுக்கு மாதம் 400 ரிங்கிட் என்று கணக்கிட்டாலும், மொத்தச் செலவு ஏறத்தாழ 930 ரிங்கிட் ஆகிறது. 2025இல் நம் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. அச்சம்பளம் பெறும் ஒருவருக்குப் பாதிக்கும் மேற்பட்ட பணம் வாகனத்துக்கே போய்விடும். மீதியில் வாடகை, உணவு, வீட்டுக்குக் கொடுக்கும் பணம் எல்லாம் அடங்குமா? விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும் என்று நம் முன்னோர் சும்மா சொல்லவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் இளையோர் அறிந்திருக்க வேண்டும். 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டத்தின்படி, குறைந்தது பத்து விழுக்காடு முன்பணம் செலுத்த வேண்டும். ‘முன்பணம் தேவையில்லை’ என்னும் விளம்பரத்தைக் கண்டால், அந்தப் பத்து விழுக்காட்டை யார், எப்படிச் செலுத்துகிறார் என்று கேட்பது நம் உரிமை. கடைசித் தவணை கட்டி முடியும்வரை வாகனத்தின் சட்டப்படியான உரிமையாளர் கடன் கொடுத்த நிறுவனமே. இரண்டு தவணைகள் தொடர்ந்து தவறினால், 21 நாள் அறிவிப்புக் கொடுத்து வாகனத்தை எடுத்துக்கொள்ள அதற்கு வழியுண்டு. விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால் மட்டுமே நீதிமன்ற ஆணை தேவைப்படும்.

“கண்காட்சிச் சலுகை இன்றோடு முடிகிறதே! வாய்ப்பைத் தவறவிடலாமா?” என்று சிலர் கேட்கலாம். சலுகை உண்மையாகவே இருக்கலாம். ஆயினும், ஆயிரம் ரிங்கிட் சலுகைக்காக ஒன்பது ஆண்டுப் பொறுப்பை ஒரே மாலையில் ஏற்பது அறிவுடைமை ஆகாது. இன்னொரு மாதத்தில் இன்னொரு சலுகை வரும்.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. வாகனம் வாங்குவதற்கு முன், தவணையும் ஓட்டும் செலவும் சேர்ந்த அந்த 930 ரிங்கிட்டை மூன்று மாதங்களுக்குத் தனியே சேமித்துப் பாருங்கள். சிரமமின்றிச் சேமிக்க முடிந்தால், நீங்கள் தயார். முன்பணத்துக்கு 2,790 ரிங்கிட்டும் கையில் இருக்கும். முடியவில்லையென்றால், வேறு வழிகளை நாடலாம். நல்ல நிலையிலுள்ள பழைய வாகனம் ஒரு வழி. ஸ்ரீ கெம்பாங்கான் வட்டாரத்தில் வசிப்போருக்கு, 2023இல் முழுமையாகத் திறக்கப்பட்ட புத்ராஜெயா எம்.ஆர்.டி. தடம் மற்றொரு வழி. மாதம் 50 ரிங்கிட் ‘மை50’ பயண அட்டையில் சில ஆண்டுகள் பயணம் செய்தால், முன்பணமும் வளரும்.

மாணவர்களே, பதினேழு வயதில் மகிழுந்து ஓட்டும் உரிமம் பெறலாம். ஆனால், வாகனத்தை ஓட்டும் திறமை வேறு; அதன் செலவைத் தாங்கும் திறன் வேறு. முதலாவதற்குப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. இரண்டாவதற்கு ஒரு தாளும் எழுதுகோலும், ‘மொத்தம் எவ்வளவு?’ என்று கேட்கும் துணிவும் போதும்.